மறுமுனையில் ஹலோ கேட்கும்வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஒரு போனில் இடம் உண்டாக்கியது. அவ்வளவுதான். அம்மாவின் பழைய போன். நினைவகம் நிரம்பிவிட்டது, இனி எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மா சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து மகள் ஒவ்வொரு செய்தியாகப் படித்தாள். அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"'2096 என முடியும் பதிவு புதுப்பிக்கப்பட்டது.'"

"சாவிக்காரர். சொல்லிட்டேன். அழி."

"'5530 என முடியும் பதிவுக்குரிய மருந்து வந்துள்ளது.'"

"இருக்கட்டும். அந்த மனுஷன் இன்னும் வரல. செவ்வாய்க்கிழமை வருவாரு."

"அம்மா, இப்படிப் பார்த்தா விடிஞ்சிடும். மொத்தமா அழிச்சிடட்டுமா?"

"அழிச்சுப் பாரு. கத்தி என் கையிலதான் இருக்கு."

"இதுக்கெல்லாம் எங்க கம்பெனியில பச்சை டிக் விழுந்திருக்கும்மா. டெலிவர்ட். சேர்ந்தாச்சுன்னு அர்த்தம்."

"எனக்குச் சேர்ந்தாச்சு," என்றாள் அம்மா, ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு. "அவங்களுக்குச் சேரலையே."

மகளுக்கு வேலையே அதுதான். அரசு அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்திகளைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தில் பொறியாளர். ஒரு செய்தி சேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் நிரலின் ஒரு பகுதி அவள் எழுதியது. பச்சை டிக்கும் அவள் கைவண்ணம். அம்மா சொன்னது அன்றைக்கு வெறும் குதர்க்கமாகப் பட்டது. சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனாள்.

அம்மாவின் போனுக்கு முப்பத்தெட்டுப் பேரின் செய்திகள் வந்துகொண்டிருந்தன. முப்பத்தெட்டுப் பேரிடமும் போன் கிடையாது. எந்தச் செய்தியிலும் பெயர் இருக்காது. பதிவு எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் இருக்கும். எந்த நாலு இலக்கம் எந்த முகம் என்ற அட்டவணை அம்மாவின் தலைக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"எங்கயாவது எழுதி வைம்மா. காப்பி இல்லாத டேட்டா இல்லாத டேட்டாதான்."

"எதுக்கு எழுதணும்? நான் என்ன ஓடியா போகப்போறேன்?"

மாலை பஸ்ஸுக்கு மகள் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை காலை அம்மா போய்விட்டாள்.

*

பதினெட்டு வயதில் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். நீளமான அறை, வரிசையாகப் பதினான்கு நாற்காலி, பதினான்கு பெண்கள். எதிரே ஆள் உயரப் பலகை, அதில் நூற்றுக்கணக்கான துளைகள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் இவர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டு, போன் பக்கத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். லைன் கிடைத்ததும் இவர்கள் இரண்டு முனையையும் கம்பியால் கோத்துவிடுவார்கள். ஹெட்செட் அழுத்தி அழுத்தி அம்மாவின் வகிட்டுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கடைசிவரை அது நிரம்பவில்லை. சின்ன வயதில் மகள் அதில் விரலை ஓட்டி விளையாடுவாள்.

அந்த அறையில் ஒரு விதி. கம்பியைச் செருகியதும் வேலை முடிந்துவிடாது. மணி அடித்தாலும் முடியாது. மறுமுனையில் ஆள் எடுத்து "ஹலோ" சொல்ல வேண்டும். இந்த முனை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் காதால் கேட்ட பிறகுதான் ஆபரேட்டர் அழைப்புச் சீட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு விலகலாம். அதற்கு முன் குறித்தால் மேற்பார்வையாளர் அம்மாள் பின்னால் வந்து நின்று, "யாரு பேசினா? சுவரா?" என்று கேட்பாராம். அம்மா வீட்டிலும் அதைச் சொல்வாள். மகளைச் சாப்பிடக் கூப்பிட்டு, "வரேன்" என்று குரல் மட்டும் வந்து ஆள் வராவிட்டால், "யாரு பேசினா? சுவரா?"

அப்பா லாரி ஓட்டினார். வீட்டில் இருந்ததைவிட வழியில் இருந்தது அதிகம். ஒருநாள் வழியிலேயே அவர் மூச்சு நின்றுவிட்டது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் விழும் நாளெல்லாம் மகள் எக்ஸ்சேஞ்சின் ஓய்வறையில்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். பதிமூன்று அத்தைகள். கணக்கில் சந்தேகம் கேட்டால் பதிமூன்று விடை.

பிறகு எக்ஸ்சேஞ்ச் தானியங்கியானது. பலகையைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். பதினான்கு நாற்காலி இருந்த இடத்தில், கண் சிமிட்டும் இரண்டு இரும்பு அலமாரிகள் வந்தன. எல்லாரும் அழுதார்கள், அம்மா அழவில்லை. "இனிமே எவனும் லைனுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். நல்லதுதானே," என்றாள். புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஓய்வு பெற்றாள். வீட்டில் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது என்று, தெருமுனையில் புதிதாகத் திறந்த மக்கள் சேவை மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் வேலை.

இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. உண்மையில் பெருமைதான். "முன்னெல்லாம் கண் ஆஸ்பத்திரியில இடம் பிடிக்கணும்னா இருட்டோட போய் வரிசையில நிக்கணும். இப்ப நான் இங்க ஒரு தட்டு தட்டினா அங்க இடம் விழுது. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்று மகளிடமே சொல்வாள், ஏதோ மகளுக்கு அது செய்தி என்பதுபோல. மகளுக்கு இந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது, "என்ன வேலைடி அது?" என்று கேட்டாள்.

"மெசேஜ் போய்ச் சேருதான்னு பாக்குற வேலை."

"அட, நம்ம வேலைதான்."

அவளுக்குத் தகராறு ஒரே ஒரு இடத்தில்தான். விண்ணப்பத்தில் 'கைபேசி எண்' என்ற கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது. முதல் வாரமே, தெருவில் பொம்மை பலூன் விற்கும் கிழவர் ஒருவர் மருந்துப் பதிவுக்கு வந்தார். போன் இல்லை. அம்மா நட்சத்திரத்தைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், தன் சொந்த எண்ணைத் தட்டினாள். மறுநாள் இன்னொருவர். ஆறு வருடத்தில் முப்பத்தெட்டு. ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய நாலு இலக்கத்தைப் பாடம் பண்ணிவைத்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் மையம் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம், வாசல் படிக்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்காருவாள். ஆட்கள் வந்து, "எனக்கு ஏதாவது வந்திருக்கா, ஆபரேட்டரம்மா?" என்று கேட்பார்கள். வர முடியாதவர்களிடம் அவளே போவாள். எதிரில் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும்வரை கிளம்ப மாட்டாள்.

நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பதில் வந்தது, குறுஞ்செய்தியாக: 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது.' அதற்கும் பச்சை டிக் விழுந்திருக்கும்.

*

மாடிப்படியில் விழுந்தாள் என்று எதிர்வீட்டுக்காரர் போனில் சொன்னார். விழுந்ததால் போகவில்லை, போனதால் விழுந்தாள் என்று டாக்டர் சொன்னார். மூளையில் ரத்தக்குழாய். செருப்பு மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு, எங்கோ கிளம்பியிருக்கிறாள். அந்த வாரம் எப்படிப் போனதென்று மகளுக்கு நினைவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பதினாலாம் தேதி, ஞாயிறு, வீட்டில் தனியாக உட்கார்ந்து அம்மாவின் பையைப் பிரித்தாள்.

குடை. கண்ணாடிக் கூடு. போன். நான்காக மடித்த ஒரு தாள். தாளில் கறுப்பு மையில், ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பெரியதாக:

18 வியாழன்.
காலை 8 மணி, கண் ஆஸ்பத்திரி.
எதுவும் சாப்பிடக் கூடாது.
நான் 7 மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தாள். எட்டாம் தேதி மாலை வந்த செய்தி: '4471 என முடியும் பதிவுக்குக் கண் அறுவை சிகிச்சை 18ஆம் தேதி காலை 8 மணி. வரத் தவறினால் பதிவு ரத்தாகும். மீண்டும் பதிவு செய்யக் குறைந்தது பதினான்கு மாதங்கள் ஆகும்.'

யார் 4471? தாளில் பெயர் இல்லை. கையில் கொடுக்கப்போகிற தாளில் பெயர் எதற்கு? மகள் தன் நிறுவனத்தின் பதிவேட்டுக்குள் நுழைந்து தேடினாள். அனுப்பியவர்: சேவைத் துறை. பெற்றவர்: அம்மாவின் எண். நிலை: சேர்ந்தது. நேரம் விநாடி சுத்தமாக இருந்தது. ஆள் இல்லை. அவள் எழுதிய நிரலில் ஆளுக்கு இடமே இல்லை.

*

திங்கட்கிழமை சேவை மையம் திறந்ததும் உள்ளே போனாள். அம்மா உட்கார்ந்த நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். அதிகாரியின் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்: 'நூறு சதவீத இணைப்பு எய்திய மையம்.' அந்த நூறு சதவீதத்தில் முப்பத்தெட்டுப் பேர் அம்மாவின் தோள்பையில் இருந்தார்கள்.

அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். 4471ஐத் தட்டினார். திரையில் ஏதோ வந்தது; அவர் கண்கள் அதைப் படித்தன. பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தனிநபர் தகவல், மேடம். தர முடியாது."

"எனக்குத் தர வேண்டாம். நீங்களே ஆள் அனுப்பிச் சொல்லிடுங்க."

"நாங்க ஏற்கெனவே சொல்லிட்டோமே. இதோ, டெலிவர்ட்."

"யாருக்கு?"

"பதிவு பண்ணின நம்பருக்கு."

"அந்த நம்பர் இந்தப் பைக்குள்ள இருக்கு, சார். பையோட சொந்தக்காரி செத்து ஆறு நாளாச்சு."

"ரொம்ப வருத்தமா இருக்கு." அவர் பேனாவை மூடினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா செஞ்சது முறைகேடுதான். ஒரே நம்பர்ல முப்பத்தெட்டுப் பேர். வெளிய தெரிஞ்சா தரகு வேலை பார்த்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. அவங்க பேரு கெட வேண்டாமேன்னுதான் நான் கிளறல."

மகளுக்குக் காது மடல் சுட்டது. ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காதவள். ஒப்பந்தக்காரி என்று விடுமுறைகூடக் கொடுக்காமல் ஆறு வருடம் வேலை வாங்கிய இடம். அவள் எண்ணை வைத்துத்தான் அந்தச் சட்டம் சுவரில் தொங்குகிறது.

"போன் இல்லாதவங்க அந்தக் கட்டத்துல என்ன போடணும், சார்?"

"போன் வாங்கணும்."

"கண்ணு தெரியாதவங்க?"

"அதுக்கு உதவி எண் இருக்கு. போன் பண்ணிக் கேக்கலாம்."

சொன்ன பிறகும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் மகளைப் பல்லைக் கடிக்க வைத்தது. கெட்டவராக இருந்திருந்தால் கத்தியிருக்கலாம்.

"அந்த டெலிவர்ட் இருக்கே," என்றாள் எழுந்துகொண்டே, "அதை எழுதினவ நான்தான். அதை நம்பாதீங்க."

அவர் மரியாதையாகக் கதவுவரை வந்தார்.

*

செவ்வாய்க்கிழமை காலை மகள் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் போன் கையில், தாள் பையில். யாராவது வருவார்களா என்றே தெரியாது. போன செவ்வாய் இவர்கள் இங்கே காத்திருந்திருப்பார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. 

முதலில் வந்தவர் கழுத்தில் சாவிக்கொத்து மாலை போட்டிருந்தார். எதிர்ச்சாரியில் நகல் சாவி செய்பவர். தூரத்தில் நின்று முறைத்தார்.

"இது ஆபரேட்டரம்மா உக்கார்ற இடம்மா."

"தெரியுங்க. நான் அவங்க மக."

சாவிக்காரர் பக்கத்தில் வந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.  மெல்லப் படியில் உட்கார்ந்தார். சாவிகள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

"போன வாரம் பத்து மணி வரைக்கும் நின்னோம்," என்றார். "மகளப் பாக்கப் போயிருப்பாங்கன்னு பேசிக்கிட்டோம்."

ஒவ்வொருவராக வந்தார்கள். செய்தி சாவிக்காரர் வாயிலிருந்தே அவர்களுக்குப் போனது. ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பலூன் கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு ஏதாவது வந்திருக்காம்மா? 5530."

"உங்க மருந்து வந்திருக்கு, தாத்தா. மூணு வாரம் ஆச்சு."

"மருந்து வந்திருக்கு, மூணு வாரம் ஆச்சு," என்று அவர் திருப்பிச் சொன்னார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பிச் சொல்லலன்னா உங்கம்மா விட மாட்டாங்க," என்றார் சாவிக்காரர். "நான் ஒரு தடவ 'சரி சரி'ன்னேன். 'யாரு பேசினா? சுவரா?'ன்னாங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டு போனைத் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

வந்த எல்லாருக்கும் படித்து முடித்ததும் கேட்டாள். "4471 யாருன்னு யாருக்காவது தெரியுமா? வியாழக்கிழமை கண் ஆபரேஷன். போகலன்னா இன்னும் பதினாலு மாசம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் எண் அவரவருக்கு. அடுத்தவர் எண் ஆபரேட்டரம்மாவுக்கு மட்டும். அப்படித்தான் வைத்திருந்தாள். அந்த அதிகாரி சொன்ன தனிநபர் தகவலை அம்மாவும் காப்பாற்றித்தான் இருந்தாள், ஆளைக் கைவிடாமல்.

"கண்ணுன்னா..." என்று சுவரைப் பார்த்து நின்ற பெண் திரும்பினாள். "இங்க வர முடியாதவங்களா இருக்கணும். பெஞ்சு முடிஞ்சதும் உங்கம்மா அந்தப் பெயின்ட் உதிர்ந்த கட்டடம் இருக்கே, அதுக்குள்ள போவாங்க. பார்த்திருக்கேன்."

"பொத்தான் அக்கா," என்றார் சாவிக்காரர். "நாலாவது மாடி. சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைக்கிறாங்க. அவங்க பூட்டுக்கு நான்தான் சாவி போட்டேன். ஓட்டை எங்க இருக்குன்னே தெரியாம தடவினாங்க."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா, சார்?" என்றாள் மகள்.

"இங்க வர முடியாதவங்கன்னு நீ முன்னாடியே சொன்னியா?"

ஒரு வாரத்தில் மகள் முதன்முறையாகச் சிரித்தாள். அது சிரிப்பாக வெளியே வரவில்லை.

*

நாலு மாடி. லிப்ட் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து விளக்கும் இல்லை. அறுபத்தாறு வயதில், வீங்கும் காலோடு, வாராவாரம் அம்மா இதை ஏறியிருக்கிறாள். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒரு குறுஞ்செய்தி கோபுரம் விட்டுக் கோபுரம் தாவி, கண் இமைப்பதற்குள் ஊரைக் கடந்து வருகிறது. கடைசி அறுபத்தெட்டுப் படிக்கு ஒரு கிழவியின் முழங்காலை நம்பியிருக்கிறது. அந்த முழங்கால் எந்த அறிக்கையிலும் இல்லை. மகள் எழுதிய அறிக்கையிலும் இல்லை.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் தரையில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்கம் சட்டைக் கட்டு, மறுபக்கம் நாலு கிண்ணத்தில் பொத்தான்கள். ஊசியில் நூல் கோக்கப் பல்லிடுக்கில் ஒரு கம்பி வளையம். விரல் நுனியால் துணியைத் தடவித் துளையின் இடத்தைக் கண்டுபிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கண்மணிகள் இரண்டும் பால் படிந்ததுபோல் இருந்தன.

"யாரு? காலடி புதுசா இருக்கு."

"ஆபரேட்டரம்மா மக, அக்கா."

"ஓ, கம்ப்யூட்டர்காரியா? வா, வா. பாத்து, கிண்ணத்தத் தட்டிடாத. அளவு மாறினா நான் தொலைஞ்சேன். எங்க உங்கம்மா? போன செவ்வா வரல. இந்த வாரம் பூரா திட்டிக்கிட்டே இருக்கேன். வரட்டும், அந்த அம்மாவ..."

மகள் தரையில் உட்கார்ந்தாள். சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது.

பொத்தான் அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள். கையைத் துழாவி மகளின் முழங்கையைப் பிடித்தாள்.  கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் ஓசை கேட்டது, நின்றது.

"செத்தவள நான் ஒரு வாரம் திட்டியிருக்கேன்," என்றாள் கடைசியில்.

"உங்ககிட்ட வரத்தான் கிளம்பியிருக்காங்க. இதக் கையில வெச்சிருந்தாங்க."

தாளைக் கொடுத்தாள். பொத்தான் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்தைச் சாய்த்து, வலது கண்ணின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் பிடித்தாள். மகள் படித்துக் காட்ட வாயெடுத்தாள். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இரு. எனக்குப் படிக்க வரணும்னுதானே இவ்ளோ பெருசா எழுதியிருக்காங்க."

எழுத்து எழுத்தாக நகர்ந்தாள். "பதினெட்டு. வியாழன். காலை எட்டு மணி, கண் ஆஸ்பத்திரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எதுவும் சாப்பிடக் கூடாது."

மூன்று வரியையும் தாளைப் பார்க்காமல் ஒருமுறை திருப்பிச் சொன்னாள், அம்மா பழக்கிவைத்தபடி.

பிறகு தாளை மறுபடி கண்ணருகே தூக்கினாள். நாலாவது வரி. அதைப் படித்தாள், அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கு நாலு மாடி ஏறி, கையைப் பிடித்து, விளக்கில்லாத படியில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி இறக்கி, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இனி மகளின் வேலை.